திரைவாசிப்பானில் வழிதவறாத வலைச்செயலி: பக்கத்தின் பகுதிகளை அமைக்கத் தொடங்குவோருக்கு

பேருந்து முன்பதிவுக்கான ஒரு வலைச்செயலியை எடுத்துக்கொள்வோம். மேலே நிறுவனத்தின் சின்னமும் மொழி மாற்றும் பொத்தானும், அதன் கீழே மெனு, இடப்பக்கம் புறப்படும் நேரம், குளிர்சாதன வசதி, படுக்கை வசதி என்று வடிகட்டுவதற்கான கட்டங்கள், நடுவில் பேருந்துகளின் பட்டியல், வலப்பக்கம் தேர்ந்தெடுத்த இருக்கைகளும் கட்டணமும், அடியில் விதிமுறைகளுக்கான இணைப்புகள். பார்வையுள்ளவர் பக்கம் திறந்ததுமே எது எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்கிறார். நிறமும் இடைவெளியும் அதைச் சொல்லிவிடுகின்றன. திரையில் உள்ளதைப் பேச்சாக வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கு நிறமும் போய்ச் சேர்வதில்லை, இடைவெளியும் போய்ச் சேர்வதில்லை. அவருக்குப் பக்கம் என்பது நிரலில் எழுதப்பட்ட வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் சொற்கள். மெனு எங்கே முடிகிறது, பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதை நிரல் சொன்னால் ஓரிரு விசைகளில் அவர் பட்டியலுக்குத் தாவிவிடுவார். சொல்லாவிட்டால், ஒவ்வொரு முறையும் மெனு முழுவதையும் வடிகட்டிகள் முழுவதையும் கடந்துதான் ஒரு பேருந்தின் பெயரைக் கேட்க முடியும்.

எச்டிஎம்எல் ஓரளவு தெரிந்து, அணுகல்தன்மை வேலையை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பக்கங்களை அமைப்பதை, இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்ய வேண்டியவை இரண்டு: பக்கத்தின் பகுதிகளைத் திரைவாசிப்பானுக்கு அடையாளம் காட்டுவது, அந்தப் பகுதிகளுக்குள் ஏதாவது மாறும்போது அதைப் பயனர் காதில் சேர்ப்பது. முதலாவது எளிது. இரண்டாவதில்தான் பெரும்பாலான வலைச்செயலிகள் தடுமாறுகின்றன. ஆகவே அதைப் பற்றி விரிவாகச் சொல்வேன். குறிச்சொற்களின் பெயர்களை இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

முதலில் காதைப் பழக்குங்கள்

நிரலைத் தொடும் முன் ஒரு திரைவாசிப்பானை நிறுவிச் சில நாட்களாவது அதனுடன் பழகுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு விதிகளை மட்டும் படிப்பவர், விதிப்படி சரியாகவும் கேட்பதற்குத் தாங்க முடியாததாகவும் இருக்கும் பக்கங்களை எழுதுவார். விண்டோஸ் கணினியில் என்விடிஏ போதும். பார்வையற்ற மென்பொருளாளரான மைக்கேல் கர்ரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இந்தத் திறமூலத் திட்டம் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ஜி குரல் தமிழும் பேசும். ஐபோனிலும் மேக் கணினியிலும் வாய்ஸ்ஓவர் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் இருக்கிறது. அலுவலகங்களில் ஜாஸ் என்னும் விலை கொடுத்து வாங்கும் மென்பொருளும் பரவலாக உண்டு.

என்விடிஏவில் சில விசைகள் தெரிந்தால் தொடங்கிவிடலாம். டி விசை அடுத்த லேண்ட்மார்க்குக்கு, அதாவது பெயரிட்டு அடையாளம் காட்டப்பட்ட அடுத்த பகுதிக்குக் கொண்டுசெல்லும். ஷிப்ட்டுடன் டி முந்தைய பகுதிக்குத் திரும்பும். எச் விசை அடுத்த தலைப்புக்குப் போகும். இன்செர்ட்டுடன் எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகள், தலைப்புகள், லேண்ட்மார்க்குகள் எல்லாம் பட்டியலாகத் திறக்கும். பேச்சை நிறுத்தக் கன்ட்ரோல் விசை. ஜாஸில் பகுதிக்குப் பகுதி தாவுவதற்கு ஆர் விசை. மேக்கில் கன்ட்ரோல், ஆப்ஷன், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ரோட்டர் என்னும் பட்டியல் வரும். வேகமான பேச்சு தொடக்கத்தில் பிடிபடவில்லையென்றால், என்விடிஏவின் கருவிகள் மெனுவில் உள்ள ஸ்பீச் வியூவரைத் திறந்துவையுங்கள். பேசுவதையெல்லாம் அது எழுத்திலும் காட்டும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும். விண்டோஸ் திரைவாசிப்பான்களுக்கு இரண்டு நிலைகள் உண்டு. உலாவும் நிலையில் டி, எச் போன்ற எழுத்துகள் கட்டளைகளாக வேலை செய்யும். எழுதும் கட்டத்துக்குள் நுழைந்ததும் ஃபோகஸ் நிலைக்கு மாறி, அதே எழுத்துகள் பக்கத்துக்குள் தட்டப்படும். என்விடிஏவில் இன்செர்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்து இந்த நிலைகளை மாற்றும். பின்னால் வரும் ஓர் எச்சரிக்கை இதைப் பொறுத்தது.

பகுதிகளைத் தாளில் பிரியுங்கள்

பக்கத்தின் படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு பகுதியும் பயனரின் வேலையில் என்ன பங்கு வகிக்கிறது என்று எழுதுங்கள். வலைத்தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் ஏரியா (ARIA) என்னும் தரம், உறுப்புகளின் பங்கைத் திரைவாசிப்பானுக்குச் சொல்வதற்கானது; அது எட்டு வகை லேண்ட்மார்க்குகளைத் தருகிறது: பக்கத்தின் தலைப்பகுதிக்குப் பேனர், மெனுக்களுக்கு நேவிகேஷன், முதன்மை உள்ளடக்கத்துக்கு மெயின், துணை உள்ளடக்கத்துக்குக் காம்ப்ளிமென்டரி, அடிப்பகுதிக்குக் கன்டென்ட்இன்ஃபோ, தேடலுக்குச் சர்ச், படிவத்துக்கு ஃபார்ம், இவற்றில் எதிலும் அடங்காத முக்கியப் பகுதிக்கு ரீஜன்.

நம் முன்பதிவுப் பக்கத்தில் யோசிக்க வைப்பவை இரண்டு. வடிகட்டிகள் இடப்பக்க ஓரத்தில் இருப்பதால் அவற்றைத் துணை உள்ளடக்கமாக நினைக்கத் தோன்றும். ஆனால் பயனர் வந்த வேலையே பேருந்தைத் தேடுவதுதான், ஆகவே அது சர்ச் பகுதி. அதேபோல வலப்பக்கக் கட்டண விவரமும் துணைச் செய்தி அன்று. அதைப் பார்க்காமல் யாரும் பணம் கட்ட மாட்டார்கள். அதை மெயினுக்குள் பெயரிட்ட ரீஜனாக வைப்பதே பொருத்தம். திரையில் ஒரு பகுதி எந்த ஓரத்தில் நிற்கிறது என்பதை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள்.

எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வேண்டும். எல்லாப் பெட்டிகளையும் லேண்ட்மார்க்காக மாற்றிவிட்டால், டி விசையால் தாவுவது வரிவரியாகக் கேட்பதைவிட நேரம் பிடிக்கும். ஏழெட்டைத் தாண்டும்போது நான் மறுபடி யோசிப்பேன். பேருந்துப் பட்டியலின் ஒவ்வொரு பேருந்துக்கும் தேவைப்படுவது லேண்ட்மார்க் அன்று, ஒரு தலைப்புதான்.

எச்டிஎம்எல் தருவதை முதலில் பயன்படுத்துங்கள்

ஹெடர், நாவ், மெயின், அசைட், ஃபூட்டர் ஆகிய உறுப்புகளை எழுதினாலே உலாவி அவற்றுக்குரிய லேண்ட்மார்க்குகளைத் தானாக அறிவித்துவிடும். 2023இல் எச்டிஎம்எல் தரத்தில் சேர்க்கப்பட்ட சர்ச் உறுப்பு, தேடலுக்கும் வடிகட்டலுக்கும் உரியது. பழைய உலாவிகளையும் கருத்தில் கொள்ள வேண்டுமென்றால் படிவத்தைச் சுற்றி ஒரு டிவ் எழுதி, அதன் வகையைச் சொல்லும் ரோல் பண்புக்குச் சர்ச் என்று மதிப்புக் கொடுங்கள். ஹெடரும் ஃபூட்டரும் பக்கத்தின் மேல்மட்டத்தில் இருந்தால் மட்டுமே பேனர், கன்டென்ட்இன்ஃபோ ஆகும். மெயின், ஆர்ட்டிகிள், செக்ஷன் போன்றவற்றுக்குள் இருந்தால் ஆகாது. செக்ஷனும் ஃபார்மும் பெயர் இருந்தால்தான் லேண்ட்மார்க் ஆகும். புலப்படும் மெயின் ஒரு பக்கத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். எந்த உள்ளடக்கமும் லேண்ட்மார்க்குகளுக்கு வெளியே அநாதையாகக் கிடக்கக் கூடாது. பகுதிக்குப் பகுதி தாவுகிறவர் அதைக் கேட்காமலே போய்விடுவார்.

ஏரியாவின் ரோல்களை எழுதுவதால் ஓர் உறுப்பின் நடத்தை மாறாது என்பதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ளுங்கள். வாசலில் பெயர்ப்பலகை மாட்டியதால் வீடு கட்டி முடிந்துவிடாது. ஒரு டிவ்வுக்குப் பட்டன் என்று ரோல் கொடுத்தால் திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று சொல்லும், பயனரும் நம்பி என்டர் அழுத்துவார். விசைப்பலகைக்கான நிரலை நீங்கள் எழுதாவிட்டால் எதுவும் நடக்காமல் போகலாம். இது பெயரில்லாமல் விட்டதைவிட மோசம். எச்டிஎம்எல் உறுப்பு ஒன்று இருக்கும்போது அதையே எடுப்பதுதான் ஏரியாவின் முதல் விதியும்கூட.

நிரலில் எழுதும் வரிசை, கேட்கும் வரிசை. சிஎஸ்எஸ்ஸின் ஆர்டர் பண்பால் திரையில் இடம் மாற்றினாலும் காதுக்கு இடம் மாறாது. ஆகவே தேடல், பட்டியல், கட்டணம் என்று வேலை நடக்கும் வரிசையிலேயே நிரலையும் எழுதுங்கள். பக்கத்தின் முதல் உறுப்பாக, மெயினுக்குத் தாவும் ஓர் இணைப்பை வையுங்கள். மெயினுக்கு டேப்இண்டெக்ஸ் மதிப்பை -1 ஆக்கினால் ஃபோகஸ், அதாவது விசைப்பலகை நிற்கும் இடம், அங்கே உறுதியாகப் போய்ச் சேரும். திரைவாசிப்பான் இல்லாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு லேண்ட்மார்க் விசைகள் கிடையாது. அவர்களுக்கு இந்த இணைப்பே வழி.

பெயரிடும்போது

ஒரே வகைப் பகுதி இரண்டு இருந்தால் இரண்டுக்கும் பெயர் வேண்டும். இல்லாவிட்டால் எந்த நேவிகேஷன் எது என்று தெரியாது. திரையில் தலைப்பு ஒன்று இருந்தால், அதன் ஐடியை ஏரியா-லேபிள்ட்பை பண்பில் கொடுங்கள். தலைப்பு திருத்தப்படும்போது பெயரும் கூடவே மாறும். தலைப்பு இல்லாத இடத்தில் ஏரியா-லேபிளில் நேராக எழுதலாம். பகுதியின் வகையைப் பெயரில் மீண்டும் சொல்ல வேண்டாம், ஏனென்றால் வகையைத் திரைவாசிப்பானே சொல்லும். தமிழ்ப் பக்கங்களில் இது இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டியது: பலர் திரைவாசிப்பானின் இடைமுகத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழ் உள்ளடக்கத்தைக் கேட்கிறார்கள். ‘முதன்மை வழிசெலுத்தல் மெனு’ என்று நீங்கள் பெயர் வைத்தால், அந்த நீண்ட தொடருக்குப் பக்கத்தில் நேவிகேஷன் லேண்ட்மார்க் என்பதும் ஒலிக்கும். ‘முதன்மை’, ‘என் கணக்கு’, ‘கட்டணம்’ என்று ஒன்றிரண்டு சொற்களில் நிறுத்துங்கள்.

பக்கத்தின் லாங் பண்பைத் தமிழுக்குரிய டிஏ என்று அமைப்பதை மறவாதீர்கள். வார்ப்புருவை நகலெடுக்கும்போது அதில் ஆங்கிலக் குறியீடு அப்படியே தங்கிவிடும். அப்போது திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுக்கும், ஆங்கிலக் குரல்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்துகளை உச்சரிக்கவே தெரியாது. நீங்கள் அக்கறையோடு அமைத்த பகுதிப் பெயர்கள் அத்தனையும் இந்த ஒரு பண்பால் வீணாகிவிடும். தமிழ்ப் பக்கத்துக்குள் ஆங்கிலப் பத்தி வந்தால், அந்தப் பத்திக்கு மட்டும் தனியே லாங் கொடுங்கள்.

மாறுவதைக் காதில் சேர்ப்பது

பயனர் படுக்கை வசதி என்னும் கட்டத்தைத் தேர்வு செய்கிறார். நடுவில் உள்ள பட்டியல் சுருங்குகிறது. பார்ப்பவருக்கு அது தெரியும். கேட்பவரோ இன்னும் அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறார். ‘தேர்வு செய்யப்பட்டது’ என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குக் கேட்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே லைவ் ரீஜன் இருக்கிறது. ஓர் உறுப்பை லைவ் ரீஜன் என்று அறிவித்துவிட்டால், அதற்குள் எழுத்து மாறும்போது ஃபோகஸை நகர்த்தாமலே திரைவாசிப்பான் அதை வாசிக்கும். டபிள்யூ3சியின் அணுகல்தன்மை நெறிமுறைகளில் 2018இல் வந்த 2.1 பதிப்பு, இத்தகைய நிலைச் செய்திகளை 4.1.3 என்ற எண்ணில் ஒரு தேவையாகவே சேர்த்தது.

இதைச் செய்யும் முறை வருமாறு. பக்கம் ஏற்றப்படும்போதே ஒரு வெற்று டிவ் எழுதி, அதற்கு ஸ்டேட்டஸ் என்று ரோல் கொடுத்துவிடுங்கள். பட்டியல் மாறியதும் ‘12 பேருந்துகள் கிடைத்தன’ என்ற வாக்கியத்தை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அதற்குள் எழுதுங்கள். வரிசை முக்கியம்: உறுப்பு முன்பே பக்கத்தில் இருக்க வேண்டும், செய்தி பின்னால் வர வேண்டும். உறுப்பையும் செய்தியையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் நுழைத்தால் திரைவாசிப்பான் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். ‘லைவ் ரீஜன் வேலை செய்யவில்லை’ என்று புதியவர்கள் சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். திரையில் காட்ட விரும்பாவிட்டால், சிஎஸ்எஸ்ஸின் டிஸ்ப்ளே பண்புக்கு நன் என்று மதிப்புக் கொடுத்து மறைக்காதீர்கள். அது காதுக்கும் மறைந்துவிடும். ஒரு பிக்சல் அளவுக்கு வெட்டி மறைக்கும் வழக்கமான சிஎஸ்எஸ் வகுப்பைப் பயன்படுத்துங்கள். ஆனாலும் இந்தச் செய்தி பார்ப்பவருக்கும் பயன்படும் என்பதால், அதைத் திரையிலும் காட்டுவதையே நான் பரிந்துரைப்பேன்.

ஓர் உறுப்பை லைவ் ரீஜன் ஆக்கும் ஏரியா-லைவ் பண்புக்கு, அறிவிப்பை நிறுத்தும் ஆஃப் தவிர, பொலைட், அசெர்ட்டிவ் என்று இரண்டு மதிப்புகள் உண்டு. பொலைட், திரைவாசிப்பான் பேசிக்கொண்டிருப்பதை முடிக்கும் வரை காத்திருக்கும். அசெர்ட்டிவ், பேச்சை இடைமறித்துச் சொல்லும். ஸ்டேட்டஸ் ரோல் முதல் வகை, அலர்ட் ரோல் இரண்டாம் வகை. பணம் செலுத்துவது தோல்வியடைந்தது, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்பவற்றுக்கு அலர்ட் பொருந்தும். ‘சேமிக்கப்பட்டது’, ‘கூப்பன் சேர்க்கப்பட்டது’ என்பவற்றுக்கு அது ஒருபோதும் வேண்டாம். ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும் வரியை அறுத்துவிட்டுச் சொல்லத்தக்க செய்தியா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பாருங்கள்.

பட்டியல் முழுவதையும் லைவ் ரீஜன் ஆக்குவது பரவலாகக் காணும் தவறு. அப்படிச் செய்தால் ஒரு கட்டத்தைத் தொட்டதற்கு எல்லாப் பேருந்துகளின் பெயரும் நேரமும் கட்டணமும் கொட்டும். அதை நிறுத்தவே பயனர் விசை தேடுவார். எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். பட்டியலை அவர் தாமாகப் போய் வாசிப்பார். தேடல் கட்டத்தில் தட்டத் தட்ட முடிவு மாறுமானால், தட்டுவது நின்று அரை நொடிக்கு மேல் ஆனபின் ஒரே செய்தி சொன்னால் போதும். ‘மொத்தம் 1,240 ரூபாய்’ என்பதில் எண் மட்டும் மாறினால் சில வேளை எண் மட்டுமே ஒலிக்கும், அது எதற்கான எண் என்று தெரியாது. ஏரியா-அட்டாமிக் பண்பை ட்ரூ ஆக்கினால் முழு வாக்கியமும் ஒலிக்கும். ஸ்டேட்டஸிலும் அலர்ட்டிலும் இது இயல்பாகவே அமைந்துள்ளது. அடுத்தடுத்து அதே வாக்கியம் வர வேண்டியிருந்தால், முதலில் உறுப்பைக் காலியாக்கி, சிறிது நேரம் கழித்து மறுபடி எழுதுங்கள். எழுத்து மாறாவிட்டால் அறிவிப்பும் எழாது.

இருக்கையை 10 நிமிடம் நிறுத்திவைக்கும் கடிகாரம் தனிக் கவனம் வேண்டுவது. நொடிக்கு நொடி அதை அறிவித்தால் பயனரால் பெயரையும் வயதையும் தட்டவே முடியாது. அறிவிக்காமலே விட்டால் அவர் பாதியில் இருக்கையை இழப்பார். கடிகார உறுப்புக்கு டைமர் ரோல் கொடுங்கள். அது இயல்பில் அமைதியாக இருக்கும், வேண்டியவர் போய் வாசித்துக்கொள்ளலாம். 5 நிமிடம் இருக்கும்போது ஒருமுறை பொலைட்டாகவும், முடிவதற்கு முன் ஒருமுறை அலர்ட்டாகவும் சொல்லி, நேரத்தை நீட்டிக்கும் பொத்தானையும் தாருங்கள். கடைசி எச்சரிக்கைக்குப் பின் நீட்டிப்பதற்குக் குறைந்தது 20 நொடி கொடுக்க வேண்டும் என்று டபிள்யூ3சியின் அதே நெறிமுறைகள் சொல்கின்றன. திரைவாசிப்பானில் பொத்தானைத் தேடிப் போக அதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்பதால் தாராளமாகக் கொடுங்கள்.

லைவ் ரீஜனின் எல்லையையும் அறிந்திருங்கள். அந்தச் செய்தி ஒருமுறை ஒலித்துவிட்டுப் போய்விடும். அதற்குள் இணைப்பு வைத்தாலும் அது இணைப்பு என்று தெரியாது. பயனர் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் செய்தி மட்டும் போதாது, ஃபோகஸையே அங்கே கொண்டுபோக வேண்டும்.

ஃபோகஸை நகர்த்த வேண்டிய நேரங்கள்

பக்கம் முழுதாக ஏற்றப்படாமல் ஜாவாஸ்கிரிப்ட்டால் மாறும் செயலிகளில், ‘இருக்கையைத் தேர்ந்தெடு’ என்பதை அழுத்தியபின் புதிய பக்கம் வந்தது கேட்பவருக்குத் தெரியாது. பக்கத்தின் டைட்டிலை மாற்றி, புதிய பக்கத்தின் எச்1 தலைப்புக்கு டேப்இண்டெக்ஸ் -1 கொடுத்து, ஃபோகஸை அதில் வையுங்கள். மேலெழும் பெட்டிகளுக்கு டயலாக் உறுப்பையும் அதன் ஷோமோடல் முறையையும் பயன்படுத்தினால், பின்னால் உள்ள பக்கம் தானாக முடங்கும், எஸ்கேப் விசை பெட்டியை மூடும், ஃபோகஸ் பழைய இடத்துக்குத் திரும்பும். படிவத்தில் பிழை வந்தால் ஃபோகஸ் முதல் பிழையான கட்டத்துக்குப் போக வேண்டும். பிழையின் விளக்கம் ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் அந்தக் கட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். இவற்றைத் தவிர, பயனர் கேட்காமல் ஃபோகஸை நகர்த்தாதீர்கள்.

இருக்கை வரைபடத்தைக் கட்டும்போது, அப்ளிகேஷன் என்னும் ரோலைக் கொடுக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். வலைச்செயலிதானே என்று தோன்றும். அதைத் தொடாதீர்கள். அந்த ரோல் உலாவும் நிலையையே நிறுத்திவிடும். எச், டி போன்ற விசைகள் எதுவும் அதற்குள் வேலை செய்யாது, விசைப்பலகை முழுவதற்கும் நீங்களே பொறுப்பாகிவிடுவீர்கள். இருக்கைகளை எளிய செக்பாக்ஸ்களாக எழுதி, மேல் படுக்கை, கீழ் படுக்கை என்று ஃபீல்டுசெட்டுகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ‘7, சன்னலோரம், 620 ரூபாய்’ என்று பெயர் கொடுங்கள். பெண்களுக்கென ஒதுக்கியதைத் திரையில் நிறத்தால் மட்டும் காட்டியிருந்தால், அதையும் பெயரில் சேர்க்க வேண்டும். படமாக அழகாகத் தோன்றுவதை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.

சோதித்தல்

முதலில் இன்செர்ட்டுடன் எஃப்7 அழுத்தி லேண்ட்மார்க் பட்டியலை மட்டும் வாசியுங்கள். பக்கத்தைப் பார்த்திராத ஒருவருக்கு அந்தப் பட்டியலே பக்கத்தை விளக்குகிறதா என்று பாருங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, ஊர்களைத் தேர்ந்தெடுப்பது முதல் கட்டணத்தைக் கேட்பது வரை முழு வேலையையும் செய்யுங்கள். என்விடிஏவை ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும், அதே வேலையை ஒரு கைப்பேசியிலும் செய்து பார்ப்பது அவசியம். லைவ் ரீஜன்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆக்ஸ், லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைகள் மெயின் இல்லை, பெயர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கும். பெயர் தவறு, செய்தி மிகுதி என்பதைக் கண்டுபிடிக்காது.

அதற்குப் பின்னும், திரைவாசிப்பானோடு நாள்தோறும் வாழ்கிறவர்கள் பயன்படுத்திப் பார்க்க வேண்டும், அதற்குரிய ஊதியமும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும். நீங்கள் கற்ற விசைகளை மெதுவாக அழுத்துவது வேறு. அவர்கள் பேச்சை மிக விரைவாக வைத்துக்கொண்டு, பாதிச் சொல்லிலேயே அடுத்த பகுதிக்குத் தாவுவது வேறு. ஆகவே பெயரின் முதல் சொல்லிலேயே வேறுபாடு தெரிய வேண்டும்: ‘பயண விவரம்’, ‘பயணக் கட்டணம்’ என்று வைக்காமல் ‘விவரம்’, ‘கட்டணம்’ என்று வையுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க நிர்வாகம் தயங்கினால், இந்தியாவில் இது சலுகையன்று என்பதை எடுத்துச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42ஆம் பிரிவில் தகவல் தொழில்நுட்ப அணுகலைப் பற்றிப் பேசுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாக அறிவித்தது. செலவைப் பற்றிய கேள்விக்கும் விடை உண்டு: லேண்ட்மார்க்குகளைப் பொது வார்ப்புருவில் ஒருமுறை எழுதினால் எல்லாப் பக்கங்களுக்கும் அது போய்ச் சேரும், ஸ்டேட்டஸ் உறுப்பும் அப்படியே. அதன்பின் புதிய வசதி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் லேண்ட்மார்க் பட்டியலை ஒருமுறை திறந்து பார்ப்பதையும், புதிதாக மாறும் இடம் ஒவ்வொன்றும் காதில் விழுகிறதா என்று கேட்பதையும் வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.